வாசலில் பதினொரு சுக்கினி

ஆகஸ்ட் எட்டாம் தேதி காலை கதவைத் திறந்தால் வாசற்படியில் வெள்ளரி மாதிரிப் பச்சையாக நீண்ட பதினொரு சுக்கினிக்காய்கள் கிடந்தன. அண்டை வீட்டு வாசலில் யாருக்கும் தெரியாமல் சுக்கினியை வைத்துவிட்டு ஓடும் நாள் அது. எங்கள் ஊரான ஹோவிக்கில் ஆகஸ்ட் மாதம் தோட்டம் உள்ளவன் கொடுக்கத் துடிப்பான், இல்லாதவன் ஒளிந்துகொள்வான். எனக்கு வருடா வருடம் இரண்டு மூன்று வரும். பதினொன்று வந்ததில்லை. எல்லாவற்றின் மேலும் கறுப்பு மையில் ஒரே வார்த்தை எழுதியிருந்தது: பிழை.

விஷயம் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் இருப்பது இரண்டே பேர், ஆசிரியர் கார்டியும் நானும். விளையாட்டு, இரங்கல், தோட்டம், இந்த மாதிரிச் சாப்பாட்டுத் திருநாள் எல்லாம் என் தலையில். பேஸ்பால் மைதானத்தில் ஸ்கோர் எழுதுவதும் நான்தான். முந்தின நாள் மாலை ஆர்லின் ஷ்வால்பே பந்து வீசினான். பால் கறக்கும் இயந்திரம் பழுது பார்ப்பவன், நாற்பத்தொரு வயது, இருபத்திரண்டு வருடமாக எங்கள் அணிக்கு வீசுகிறான். அன்று எதிரணியில் ஒருவனாலும் அவன் பந்தை அடித்துத் தளம் சேர முடியவில்லை; ஒரு அடிகூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடிப்பது வீசுபவனுக்கு அபூர்வ சாதனை. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். மூன்றாமவன் தட்டிய பந்து தரையில் உருண்டு போய் தளங்களுக்கு நடுவே பந்தைத் தடுக்கும் ஷார்ட்ஸ்டாப்பின் கையில் நிற்காமல் நழுவியது. பிடித்திருக்க வேண்டிய பந்து என்று நான் எழுதினால் அது அவன் பிழை, ஆர்லினின் சாதனை நிலைக்கும். பிடிக்க முடியாத பந்து என்றால் அது அடி, சாதனை போச்சு.

நான் அடி என்று எழுதினேன். ஷார்ட்ஸ்டாப் என் புருஷன் கர்ட்.

முடிவை மாற்ற அன்று மாலை வரை நேரம் இருந்தது. பக்கத்தை நாலு மணிக்குக் கார்டி முடித்துவிடுவான். காபி போட்டேன், குடிக்கவில்லை. சுக்கினிகளை உள்ளே எடுத்து வைத்தேன், பார்க்கப் பிடிக்காமல் பின்கட்டில் கொண்டுபோய்ப் போட்டேன், மறுபடி உள்ளே கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டு டோரீன் வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன மார்னி, இந்த வருஷம் விளைச்சல் ஜாஸ்தியோ?"

"உன் தோட்டத்துக் காய் எதுன்னு எனக்குத் தெரியும் டோரீன்."

"நான் என்னத்தக் கண்டேன்? ஊரு பேசுது. வீட்டுக்காரனக் காப்பாத்துறது தப்பில்லம்மா. நானா இருந்தா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

அவள் ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்தாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

என்னைக் குடைந்தது அதுவல்ல. நான் கர்ட்டைக் காப்பாற்றவே இல்லை. அந்தப் பந்தை நான் பார்க்கவே இல்லை. அந்த நேரம் பார்த்துக் கார்டி செய்தி அனுப்பியிருந்தான்: 'சுக்கினி நாள் கட்டுரைக்கு இன்னும் நாலு வரி வேணும்.' சுக்கினி கேக்கில் ஜாதிக்காய் போடலாமா என்று தட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் ஊளையிட்டதும் நிமிர்ந்தேன். கர்ட் கீழே உட்கார்ந்திருந்தான், பந்து புல்லில் போய்க்கொண்டிருந்தது.

மதியம் கர்ட் சமையலறை மேசையில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், கோடையில் வேலை கிடையாது. ராத்திரியிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"கோவமா?" என்றேன்.

"ஏன் அப்படி எழுதுன?"

"கர்ட்..."

"என் கைக்கு வந்த பந்து அது. என் அம்மா கூடப் புடிச்சிருப்பா. ஊர் முன்னாடி எனக்குப் பாவம் பாத்தியா? வயசாயிடுச்சு, விட்டுருவோம்னு?"

பொய் சொல்ல வழி இருந்தது. ஆமாம், பாவம் பார்த்தேன் என்றால் கோபித்துக்கொண்டு இரண்டு நாளில் சரியாகிவிடுவான். வாயைத் திறந்தேன், அது வரவில்லை.

"நான் பாக்கல," என்றேன். "போன்ல இருந்தேன். நீ விட மாட்டேன்னு நெனச்சு அடின்னு போட்டுட்டேன்."

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான்.

"பதினாறு வருஷமா ஒவ்வொரு பந்துக்கும் நீ பாத்துட்டு இருக்கேன்னு நெனச்சுட்டுதான் நான் அங்க நிக்கிறேன்," என்றான். "எத்தன தடவ பாக்கல?"

இரங்கல் குறிப்பு, விலைப் பட்டியல், கார்டியின் நாலு வரி என்று எத்தனையோ தடவை தலை குனிந்திருக்கிறேன். அதைச் சொன்னேன். அவன் எழுந்து வெளியே போய் வண்டியைக் கழுவ ஆரம்பித்தான். ஏற்கெனவே கழுவிய வண்டி.

லீக் அலுவலகத்துக்குப் போன் செய்து மாற்றினேன். பிறகு ஆர்லினுக்கு.

"ஆர்லின், அது கர்ட்டோட எரர்தான். நான் சரியா பாக்காம எழுதிட்டேன். சாதனை உன்னுது."

"சரி," என்றான். கொஞ்சம் பொறுத்து, "மோசமில்ல." அதன் பிறகும் அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

செய்தியில் ஸ்கோர் எழுதுபவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று என் பெயரோடு போட்டேன். கார்டி அந்த வரியை எடுக்கச் சொன்னான். "ஜாதிக்காய எடு, இது இருக்கட்டும்," என்றேன்.

கர்ட் பேசினான், ஆனால் உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவில்தான். ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஆட்டம். போனை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு அவன் என் மேசைப் பக்கம் திரும்பினான், சோதிக்கிற மாதிரி. போனைத் தேடிக் கைகள் பரபரத்தன, ஆனாலும் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாலாவது இன்னிங்ஸில் சுலபமான பந்து ஒன்று அவன் கையுறையில் பட்டுத் தெறித்தது. உடனே என்னைப் பார்த்தான்.

அவனுக்குத் தெரியும்படி பேனாவைத் தூக்கி, பிழை என்று எழுதினேன். அந்த வாரத்தில் முதல் தடவையாகக் கர்ட் சிரித்தான்.