வலப்பக்கம் சுற்றினால் இறுகும்

நர்ஸ் அவளிடம் சொன்னது ஒரே ஒரு வேலை. புருஷனின் முட்டி ஆபரேஷனுக்கு முன்னால் பத்து நாள், தினமும் கால் மணி நேரம், அவர் வயிற்றைக் கடிகாரம் சுற்றும் பக்கமாக நீவிவிட வேண்டும். பிறகு மலச்சிக்கல் வராமலிருக்க அது உதவுமாம். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும். ஆனால் அவள் கட்டிக்கொண்டது பம்ப் மெக்கானிக்கை ஆயிற்றே!

"வலப்பக்கம் சுத்தினா எந்த நட்டும் இறுகத்தான் செய்யும். இடப்பக்கம் சுத்தினாத்தான் லூசாகும். முப்பது வருஷமா ஸ்பேனர் புடிச்ச கை இது!" என்று தன் தொப்பையைத் தானே இடப்பக்கமாகத் தேய்த்துக்கொண்டார்.

"ஐயோ கடவுளே! அது நட்டு இல்லைங்க, குடல்!"

"நீ கழட்டிப் பாத்தியா?"

இந்த மனுஷனோடு பேசுவதற்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம். அவளுக்கு இது விளையாட்டில்லை. போன வருஷம் இடது முட்டியை மாற்றியபோது ஆறு நாள் வயிறு கல்லாகிவிட்டது. வலி மாத்திரையால்தான் இந்தக் கஷ்டம் என்று அதைத் தூக்கி எறிந்தார். வலி தாங்காமல் நடக்க மாட்டேன் என்று படுத்துவிட்டார். அந்த முட்டி இன்றுவரை பாதிதான் மடங்குகிறது. இப்போது வலது முட்டி. இதுவும் அப்படி ஆனால் ஆள் வீட்டோடு முடங்கிவிடுவார்.

அதனால் தினமும் மத்தியானம் அவர் குறட்டை விட ஆரம்பித்ததும், பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் வலப்பக்கமாக நீவிவிட்டாள். பத்து நாளும் வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் செய்தாள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கழிவறைக்குள் போனார். அவள் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், போயிடுச்சு!" உள்ளிருந்து சத்தம் வந்தது. "இடப்பக்கம் சுத்தினா லூசாகும்னு சொன்னேன்ல?"

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் வெடித்துவிட்டாள். "மண்ணாங்கட்டி! தெனமும் மத்தியானம் நீங்க குறட்டை விட்டப்போ நான்தான் வலப்பக்கமா நீவிவிட்டேன்!"

உள்ளே குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றார். "நான் எங்க தூங்கினேன்? கண்ணைத் தொறந்தா நீ நிறுத்திடுவியோன்னு குறட்டை விட்டுக்கிட்டே கெடந்தேன். போன தடவை மாதிரி ஆயிடுமோன்னு எனக்கும் பயம்தான்."

"அப்புறம் எதுக்குங்க பத்து நாளா என் உயிரை வாங்கினீங்க?"

"முப்பது வருஷ மெக்கானிக், தோத்துட்டேன்னு சொல்லச் சொல்றியா?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவை ஓங்கித் தட்டினாள்.

"வெளிய வந்து தொலைங்க. நடக்கணும்."