சிவப்புப் பெட்டியில் பத்துத் தோட்டாக்கள்

எங்கள் வீட்டில் என் பெயர் 'இன்னொரு தடவை'. வைத்தவர் அக்கா வீட்டுக்காரர். எங்கே கிளம்பினாலும், "கேஸை மூடினேனா தெரியல, இன்னொரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று செருப்போடு உள்ளே ஓடுவேன். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். மாமா காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். அடிக்கட்டும். இந்தப் புத்தி இருப்பதால்தான் அக்கா தன் தோட்டாக்களைக் கடையில் வாங்காமல் என் கையில் ஒப்படைத்திருக்கிறாள்.

அக்கா தொள்ளாயிரம் மீட்டர் போட்டியில் சுடுபவள். அந்தத் தூரத்தில் இலக்கின் நடுவட்டம் வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவளுடைய தோட்டா அதற்கென்றே வடிவமைத்தது. குட்டையான பித்தளைக் கூடு, அதன் வாயில் மெலிந்து நீண்ட குண்டு. வேட்டைக்கும் இல்லை, சண்டைக்கும் இல்லை, தூரத்தில் நிற்கிற ஒரு காகிதத்தில் ஓட்டை போட மட்டும். அதையும் அவள் துப்பாக்கிக்கு அளவெடுத்து நான் அடைக்கிறேன். பக்கத்தில் படுத்துச் சுடுபவருடைய தோட்டா அவளுக்கு உதவாது. ஒவ்வொரு கூட்டுக்கும் வெடிமருந்தை நிறுத்துப் போட வேண்டும். துளி கூடினாலும் குண்டு இடம் மாறி விழும். மருந்தே மாறிவிட்டால் துப்பாக்கியின் பின்பக்கம் வெடித்துத் திறந்துகொள்ளும். அந்த இடத்தில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டுதான் அக்கா சுடுவாள்.

"உன் கையை நம்பித்தான்டி என் கண்ணு இருக்கு" என்பாள். அவள் விளையாட்டாகத்தான் சொல்வாள், நான் தராசை இன்னொரு தடவை சரிபார்ப்பேன்.

அன்று அணித் தேர்வு. நாலே இடம். எட்டு வருஷமாக ஒவ்வொரு தடவையும் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்து திரும்பியவள். நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது, தோள் வலிக்கிறது, இதுதான் கடைசி என்று அவளே சொல்லிவிட்டாள். விடிந்ததும் அவளும் மாமாவும் கிளம்பிப் போனார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துச் சொல்வது மாமாவின் வேலை. நான் போவதில்லை. என் முகத்தைப் பார்த்தாலே அவளுக்கு நெஞ்சு படபடக்கிறதாம்.

அவர்கள் போனபின் மருந்து மேஜையைத் துடைக்கப் போனேன். அங்கே இரண்டு டப்பாக்கள் இருந்தன.

மேஜை மேல் ஒரு சமயத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். இது நான் போட்ட சட்டம். மற்றது மாமா பொழுதுபோக்குக்குச் சுடுகிற கைத்துப்பாக்கியின் மருந்து, கீழே அலமாரியில் இருக்க வேண்டியது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு டப்பா, லேபிள் நிறம் மட்டும் வேறு. அதன் மூடி இறுக மூடப்படாமல் இருந்தது.

முந்தின நாள் மாலை ஐம்பது தோட்டா அடைத்து நீலப் பெட்டியில் வைத்தேன். அத்தோடு மருந்து ஊற்றும் குப்பி காலியானது. டப்பாவைத் திறந்தேன். உடனே அடுப்பு ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். வந்து குப்பியை நிரப்பி, மீதிப் பத்தை அடைத்துச் சிவப்புப் பெட்டியில் வைத்தேன். எந்த டப்பாவிலிருந்து நிரப்பினேன்?

அக்காவின் மருந்து குட்டிக் குட்டிக் குச்சியாக இருக்கும், மாமாவுடையது பொடித் தகடாக இருக்கும். மாறியிருந்தால் பார்த்திருப்பேனே என்று சொல்லிக்கொண்டேன். பார்த்தேன் என்று மனசு சாட்சி சொல்ல மாட்டேன் என்றது. தராசு எடையைச் சொல்லும், எந்த மருந்து என்று சொல்லாது. குப்பியில் மிஞ்சியதை வழக்கம்போலச் செடிக்குக் கொட்டித் தண்ணீரும் ஊற்றியிருந்தேன். ஓடிப்போய் மண்ணைக் கிளறினேன். கறுப்புச் சேறுதான் இருந்தது.

மாமாவுக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். சுடுதளத்தில் அப்படித்தான் விதி.

போன வருஷம் ஒரு தடவை இப்படித்தான் பதறி, போட்டிக்கு முதல்நாள் அறுபது தோட்டாக்களையும் பிரிக்க வைத்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று மாமா ஒரு மாதம் சொல்லிக் காட்டினார். இதுவும் அந்தப் பேயாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தெருவுக்கு ஓடி, வந்த வாடகைக் காரை மறித்து ஏறினேன். வழியெல்லாம் சிக்னலைத் திட்டினேன். என் அக்காவின் கண்ணை நானே பிடுங்கப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சுடுதளத்தில் பன்னிரண்டு பேர் வரிசையாகப் பாயில் படுத்திருந்தார்கள். அக்கா ஏழாவது. அவள் பக்கத்தில் நீலப் பெட்டி காலியாகி மூடிக் கிடந்தது. புள்ளிப் பலகையில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது. சிவப்புப் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஆபத்து என்று பட்டால் யார் வேண்டுமானாலும் கத்தலாம் என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். கத்தினேன்.

"நிறுத்து! எல்லாரும் நிறுத்துங்க!"

விசில் ஊதியது. பன்னிரண்டு துப்பாக்கிகளும் நின்றன. அக்கா தோட்டாவை வெளியே எடுத்துத் துணியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

சுடுதளத்துக்குப் பொறுப்பான விசில்காரர் வந்தார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். மாமாவின் முகம் வெளுத்தது.

"அந்த டப்பாவை நான்தான் வெச்சேன். கார் சாவி தேடறப்ப எடுத்து மேல வெச்சேன்."

"எப்போ?" என்றேன்.

"இன்னிக்குக் காலைல." கொஞ்சம் யோசித்தார். "நேத்தும் தேடினேன்... நேத்து சாயங்காலமா? காலைலதான்னு நெனைக்கிறேன்."

"நெனைக்காதீங்க மாமா, சொல்லுங்க!"

அவர் சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

விசில்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "இதப் பாரும்மா. தோட்டாவை அடைச்சது நீ. தப்பில்லன்னு நீ சொன்னா அவங்க சுடலாம். சந்தேகம்னா பத்தையும் நான் எடுத்துக்கணும். அந்தப் பத்துக்கும் புள்ளி கிடையாது. மத்தவங்களைக் காக்க வைக்க முடியாது, சீக்கிரம் சொல்லு."

அக்கா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். என் மேல் கோபம் இருந்தது, நன்றாகவே தெரிந்தது. ஆனாலும், "நீ சொல்லுடி. நீ சுடுன்னா சுடறேன்" என்றாள்.

சுடு என்று சொல்ல வாய் வரை வந்தது. எட்டு வருஷம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கே தெரியும். அவள் கன்னத்தைப் பார்த்தேன். துப்பாக்கிக் கட்டை அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது.

"வேண்டாங்க்கா" என்றேன்.

அக்கா சிவப்புப் பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். மறுபடி விசில் ஊதியது. மற்ற பதினொரு பேரும் சுட ஆரம்பித்தார்கள். எங்கள் மூன்று பேரையும் பின்னால் ஒரு மேஜைக்குக் கூட்டிப்போனார்கள்.

ஒவ்வொரு தோட்டாவாகக் குண்டை இழுத்துப் பிடுங்கி மருந்தை வெள்ளைக் காகிதத்தில் கொட்டினார் அங்கிருந்த ஆள். முதலாவது குச்சி. இரண்டாவதும் குச்சி. ஆறு, ஏழு என்று போகப் போக எனக்குள் ஒரு கேவலமான ஆசை வந்தது. ஒன்றிலாவது தகடு விழவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். என் அக்காவைக் கொல்லக்கூடிய ஒன்று அதில் இருக்கவேண்டும் என்று, நான் செய்தது சரியென்று ஆவதற்காக. எட்டு. ஒன்பது. பத்தும் குச்சி. பத்துச் சின்னக் குவியல்கள், எல்லாம் சுத்தமாக, எல்லாம் ஒரே அளவாக.

"அருமையா அடைச்சிருக்கியேம்மா" என்றார் அந்த ஆள். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

பலகையில் அக்காவின் பெயர் கடைசிக்கு இறங்கியிருந்தது. வண்டிக்கு நடந்தோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "இப்ப பேசாத" என்றாள். பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மாமா ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினார். பாலம் தாண்டும்போது அக்கா கேட்டாள்.

"வீட்டைப் பூட்டினியா?"

மற்ற நாளாக இருந்தால் மாமா இதற்குச் சிரித்திருப்பார். நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

"இல்லக்கா. திறந்து போட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதுவரை அழாதவள், அழத் தொடங்கினாள். வீடு திறந்து கிடந்தும், வேகமாகப் போங்க என்று மாமாவிடம் யாரும் சொல்லவில்லை.