சட்டைப்பையில் தங்கிப்போன சீட்டு

பெங்களூர் ஏர்போர்ட்டில் என் மனைவி கண்ணம்மாளை விட்டுவிட்டுத் திரும்பும் வழியில், கிருஷ்ணகிரி தாண்டி டீ குடிக்கக் காரை நிறுத்தினேன். காசு எடுக்கச் சட்டைப்பையில் கை விட்டால் மடித்த காகிதம் ஒன்று வந்தது. பிரித்துப் பார்த்தேன்.

அது என் மனைவியின் கையில் இருக்க வேண்டிய சீட்டு. 'எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், சிகாகோ விமானத்தில் ஏற்றிவிடுங்கள்' என்று எங்கள் மகள் சசிகலா இங்கிலீஷில் எழுதி அனுப்பியது. அடியில் அவளுடைய போன் நம்பர். நான் முப்பது வருஷம் லாரி ஓட்டியவன். பேப்பர் எதுவானாலும் டிரைவர் பையில்தான் இருக்கும். பாஸ்போர்ட்டை மனைவியிடம் கொடுத்த கை, இதைப் பழக்கதோஷத்தில் பைக்குள் போட்டுக்கொண்டது.

விமானம் பத்தரைக்கே கிளம்பிவிட்டது. தோஹாவில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். நடுவில் இரண்டு மணி நேரம்தான். மகளின் பிரசவம் பார்க்கப் போகிறவளுக்கு இதுதான் முதல் விமானப் பயணம். ஆளே தள்ளிப்போய் ஏற்றிவிடச் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைக்கிறேன் என்று சசிகலா சொன்னதற்கு, "எங்காலுக்கு என்ன கேடு?" என்று மறுத்துவிட்டாள். அவளுடைய போனும் அங்கே வேலை செய்யாது.

அதியமான்கோட்டை வரும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். தோஹாவுக்கு மூவாயிரம் கிலோமீட்டர். லாரிக்கு ஒரு வாரம், விமானத்துக்கு நாலரை மணி நேரம். அங்கிருந்து சிகாகோ பதினோராயிரத்துச் சொச்சம், பதினாலு மணி நேரம். மூன்று மணிக்கு இறங்குவாள். ஐந்துக்குள் மாறாவிட்டால்? ஓரங்கட்டி ஆளை விசாரிக்க அது என்ன ஹைவேயா? எட்டு மாதக்காரி சசிகலாவிடம் சொல்லிப் பதற வைக்கவும் மனம் வரவில்லை.

வீடு வந்து சேர்ந்தேன். மூன்றும் ஆனது, நாலும் ஆனது. சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பச்சியப்பன், "அண்ணி போய்ச் சேந்துட்டாங்களாண்ணா?" என்று கேட்டதற்கு வள்ளென்று விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்தான்.

நாலேகாலுக்கு ஏதோ நீளமான நம்பரிலிருந்து போன் வந்தது.

"நாந்தாங்க. இங்க சுத்தம் பண்ற வேலை பாக்குற நம்ம வேலூர்ப் பொண்ணு ஒண்ணோட போனு. அதுவே கூட்டியாந்து சிகாகோ போற எடத்துல உக்கார வெச்சுருச்சு."

"சீட்டு எங்கிட்டயே தங்கிப்போச்சு கண்ணம்மா. என் நம்பர் எப்படித் தெரிஞ்சுது?"

"அது தெரியாமயா? நீங்க லாரில போனப்ப எத்தனவாட்டி அடிச்சிருப்பன்."

"நான் பயந்தே போயிட்டன்."

அவள் சிரித்தாள். "அஞ்சாறு மணி நேரத்துக்கேவா? அஸ்ஸாம் போயிட்டுப் பதினாறு நாள் போனே இல்லாம இருந்தீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? போயி சோத்தப் போட்டுச் சாப்புடுங்க."

ஞாபகம் இருந்தது. பதினேழாம் நாள் வந்து இறங்கினேன். பாதியாக இளைத்துப்போய்க் கதவைத் திறந்தாள். குழம்பில் உப்பில்லை என்று அவளிடம் கத்தினேன்.

வெட்கமாக இருந்தது. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் சிகாகோவில் இறங்க இன்னும் பதினைந்து மணி நேரம் இருந்தது.