மூத்தவர் கொட்டிய மண்

குட்டி டிராக்டரின் முன்வாளி நிறைய மண்ணை அள்ளிக்கொண்டு அவள் வேலியோரம் வந்தபோது, கணவனின் அண்ணன் கம்பிவேலித் தூணில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குட்டி டிராக்டரைக் கண்டாலே அவருக்குச் சிரிப்புதான்.

"என்னம்மா, பொம்மை வண்டி இன்னிக்கு எவ்வளவு மண்ணு தின்னுச்சு?"

"நீங்க போடப் போட தின்னும் மாமா."

வீட்டுக்குப் பின்னால் மீன் வளர்க்க அவர் குளம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய மண் மலையாகக் குவிந்து, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் முழித்தபோது, இவள்தான் வலியப் போய், "என் பக்கம் கொட்டிடுங்க மாமா, வேலியோரமா ஒரு பாதை போடணும்" என்றாள். மனுஷருக்கு வாயெல்லாம் பல். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதைத் தட்டுத் தட்டாகச் செய்தார், கூடவே ஆளையும் வைத்துக் கொட்டச் சொன்னார்.

இரண்டு வீடும் ஒரே சரிவில் இருந்தன, அவருடையது மேலே, இவளுடையது கீழே. மேட்டிலிருந்து வரும் மழைத்தண்ணீருக்கு மாமனார் காலத்திலேயே ஒரு கால்வாய் உண்டு, இரண்டு வீட்டையும் ஒதுங்கிக்கொண்டு போகும். கார் வாங்கியதும் மூத்தவர் அந்தக் கால்வாயைத் தூர்த்து, மேலே சிமெண்ட் தளம் போட்டு, ஷெட் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து மழை பெய்தால் தண்ணீர் இவள் வாசலில்தான்.

சரி, வாசல் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் கணவர் மூச்சிழுப்புக்காரர். ஒரு மழை நாளில் அவருக்கு இழுப்பு கூடிவிட்டது. ஆம்புலன்ஸ் ரோட்டு முனையிலேயே நின்றுவிட்டது, முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று. அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுப் பக்கம் இவளும், கால் பக்கம் ஓரகத்தியும், ஆம், மூத்தவரின் சம்சாரம்தான், பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மூத்தவர் தன் வராந்தாவில் நின்றபடி, "தண்ணி பள்ளத்தப் பாத்துதான் போகும், அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் சண்டைக்குப் போகவில்லை. மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. மாடுகளை விற்றுவிட்டு அந்தப் பழைய குட்டி டிராக்டரை வாங்கினாள். கொடுத்துவிட்டுப் போன மெக்கானிக், "வாளிய உயரத் தூக்கிட்டு ஓட்டாதீங்கக்கா, வண்டி கவுந்துரும். தாழ வச்சே ஓட்டுங்க" என்றார். தாழ்ந்து போகிறமாதிரி போவது அவளுக்குக் கைவந்த கலை. முதலில் எருக்குழியை வாரினாள். பிறகு வேலித் தூண் நடக் குழி போட்டாள், கோழிக்கூண்டை நகர்த்தினாள். பார்ப்பவர்கள், "பரவாயில்லையே, துக்கத்த வேலையில கரைக்கிறா" என்றார்கள். கரைக்கவில்லை கண்ணுகளா, கெட்டியாக்கிக்கொண்டிருந்தாள்.

மண்ணை மொத்தமாகக் குவித்தால் முதல் மழையிலேயே பொத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புவாள், தண்ணீர் தெளிப்பாள். பிறகு வாளியில் கல்லை ஏற்றிக்கொண்டு முன்னும் பின்னுமாக டயரால் மிதிப்பாள். நகத்தால் கீறினால் கோடு விழாத பிறகுதான் அடுத்த அடுக்கு. மிதிக்கும்போது அவளுக்கு அந்த வராந்தாதான் கண்ணில் தெரியும். கோடை முழுக்க மிதித்தாள். மூத்தவரின் குளம் ஆழமாக ஆக, இவள் பாதை இடுப்பளவுக்கு உயர்ந்தது.

"பாதை எதுக்கும்மா இவ்ளோ உசரம்?" என்று ஒருநாள் கேட்டார்.

"இறங்கிடும்ல மாமா, புது மண்ணு."

அது இறங்கவில்லை.

மழை ஒரு காலையில் பிடித்தது. மத்தியானத்துக்குள் மேட்டுத் தண்ணீர் எல்லாம் இறங்கி வந்து, இவள் போட்ட பாதைக் கரையில் முட்டி, போக்கிடம் இல்லாமல் திரும்பி மூத்தவரின் முற்றத்தில் நின்றது. குளம் நிரம்பி, காரின் கதவைத் தொட்டு, வாசற்படி ஏறியது. இவள் தன் காய்ந்த வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மூத்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைமேல் ஏறி வந்தார். "வெட்டி விடும்மா! வீட்டுக்குள்ள வந்துருச்சு!"

"உங்க ஷெட்ட இடிங்க மாமா. அதுக்கு அடியிலதானே கால்வாய் இருக்கு."

"கான்கிரீட்டும்மா அது! இப்ப எப்படி இடிக்கிறது?"

"அப்ப வராந்தாவுல நின்னு பாருங்க. நல்லாத் தெரியும்."

அப்போதுதான் அவர் தோளுக்குப் பின்னால் இவள் ஓரகத்தியைப் பார்த்தாள். தையல் மிஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்றாள். கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை, சும்மா பார்த்தாள். நாற்காலியின் கால்களைப் பிடித்திருந்த அதே கைகள். முதலில் கண்ணைத் திருப்பிக்கொண்டது இவள்தான்.

எழுந்து போய் வண்டியைக் கிளப்பினாள்.

வாளியைக் கரைமேல் குத்தினாள். வாளியின் பல் வழுக்கியது. மறுபடி அழுத்தினாள், மண் இறங்கவில்லை, வண்டியின் முன்சக்கரங்கள்தான் அந்தரத்தில் எழும்பின. கோடை முழுக்க மிதித்த மண் அல்லவா? வாளி உரசிய இடத்தில் பளபளவென்று ஒரு கீறல், அவ்வளவுதான்.

"இப்படியா கட்டுவ, பாவி!" மூத்தவர் கடப்பாரையைக் கொண்டுவந்து மறுபக்கத்திலிருந்து இடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு இடிக்கும் ஒரு கைப்பிடி மண் பெயர்ந்தது. "அழுத்தும்மா! முழுசா அழுத்து!"

"அழுத்திட்டுதான் இருக்கேன் மாமா."

வாளி இறங்கியது, எழும்பியது, இறங்கியது. எஞ்சின் கத்தியது. மழை இருவர் முகத்திலும் ஒரே மாதிரி வழிந்தது. அங்கே ஓரகத்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கட்டிலின்மேல் மிஷினுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பழுப்புத் தண்ணீரில் ஒரு செருப்பு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

இவள் கை வாளியை அழுத்தும் லீவரின்மேல் இருந்தது. அது முன்னால் நகர இன்னும் ஒரு விரற்கடை இடம் இருந்தது.