கிண்ணத்தில் இருந்த பல்செட்டு

சூசைமாணிக்கம் விடுதலையாகி ஜெகதாப்பட்டினம் வந்து சேர்ந்த அன்று, சந்தனமேரி சோறுகூட எடுத்து வைக்கவில்லை. முதல் வேலையாகப் பல்செட்டு கிடந்த கிண்ணத்தைத்தான் புருஷன் முன்னால் நீட்டினாள்.

அவருக்குக் கீழ்வரிசையில் ஒரு பல்லும் கிடையாது. புதுக்கோட்டை டாக்டர் தாடை எலும்பில் இரண்டு திருகாணி பதித்து, அதன்மேல் கழற்றி மாட்டும்படி உலோகத்தில் வார்த்த பல்செட்டு செய்து கொடுத்திருந்தார். கடலுக்குப் போகையில் மட்டும் அதை வீட்டில் வைத்துவிடுவார்.

"வாந்தியில கடலுக்குள்ள விழுந்துட்டா ஒங்கப்பனா முங்கி எடுப்பாரு?" என்பார்.

அப்படி வைத்துவிட்டுப் போன நாளில்தான் எல்லை தாண்டியதாகப் படகு பிடிபட்டது. ஐந்து மாதம் அக்கரையில், இலங்கைச் சிறையில்.

ஐஸ் கம்பெனியில் கட்டி உடைத்துக் கை விறைத்து வந்தாலும், கிண்ணத்துத் தண்ணீரை அவள் மாற்றாத நாள் இல்லை. அது அவர் வாயில் ஏறிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பியிருந்தாள்.

"ஆ காட்டுங்க."

இருபக்கமும் விரல் வைத்துச் சமமாக அழுத்தினாள். டிக்கென்று உட்கார வேண்டியது உட்காரவில்லை. ஈறு வீங்கித் திருகாணியை மூடியிருந்தது. அவர் பொறுக்காமல் கடித்து அமுக்கினார். கடித்து மாட்டவே கூடாது. சீழும் ரத்தமுமாக வந்தது.

மறுநாள் டாக்டர் இரண்டு திருகாணியையும் எடுத்துவிட்டார். எலும்பு கரைந்துவிட்டது, இனிப் பதிக்க வழியில்லை என்றார்.

"அங்க பிரஷ் குடுக்கலையாண்ணே?" என்று கேட்டாள் நர்ஸ் மோகனப்ரியா.

"குடுத்தாக தாயி. இருக்குற மேல்வரிசைக்கு வெரலே போதும்னு பக்கத்துல இருந்தவன்ட்ட குடுத்துட்டேன்."

"பல்லக் காட்டிலும் திருகாணியத்தான் தேய்க்கணும்னு அக்காட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

பல்செட்டு மாட்டிய அன்றைக்குச் சந்தனமேரியிடம்தான் அதைச் சொல்லியிருந்தாள். சிறையிலிருந்து ஒரே ஒரு தடவை போனில் பேச விட்டார்கள். ரெண்டு நிமிஷம். "ஒங்க பல்லு பத்திரமா இருக்குங்க, தெனம் தண்ணி மாத்துறேன்" என்று அதையே சொல்லி அவரைச் சிரிக்க வைத்தாள். திருகாணி அவரோடு போயிருப்பது அந்த நேரத்தில் நினைப்பிலேயே இல்லை.

பஸ் ஸ்டாண்டில், பஞ்சு வைத்த வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அவர் குழறினார்.

"நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் புள்ள."

சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தப் பிரஷ்ஷைத் திரும்ப வாங்கியிருப்பார். அது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். பஸ் வருகிற வரை ரெண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.