கடைசி இரண்டும் பைசா

கோயமுத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் கூட்டல் மிஷினின் மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதை ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார். அணா வரிசைக்குப் பின்னால் இருந்த சக்கரத்துக்குப் பதினாறு பல். பதினாறு அணா சேர்ந்ததும் அது ஒரு ரூபாயைத் தள்ளிவிடும். சர்க்காரோ இனி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று சொல்லிவிட்டது. அதற்கான சக்கரம் சீமையிலிருந்து வர வேண்டுமாம். எப்போது வரும் என்று கேட்டதற்கு மெக்கானிக் வானத்தைப் பார்த்தார். பஸ் செலவை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

வேலுமணி மூடியை எடுத்துத் திரும்ப மாட்டினான். காதர்பேட்டையின் அந்தப் பனியன் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்ததே மிஷின் ஓட்டத் தெரியும் என்பதால்தான். பெண் கிடைத்ததும் அதனால்தான். பொங்கலூரில் அவன் மாமனார் மாப்பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மிஷினைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். மிஷின் நின்றுபோனால் தான் எதற்கு என்று அவனுக்கே விளங்கவில்லை. ஓரணாவுக்கு ஆறு பைசாவா ஆறேகாலா, பிறகு நாலணாவுக்கு எப்படி இருபத்தைந்து ஆகிறது என்று ஊரே குழம்பிக் கிடந்த ஏப்ரல் மாதம் அது. டீக்கடையில் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை கூலி நாள். காலையில் முகம் வழிக்கும்போது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அணாப் பொத்தான்களைத் தொடாமலே விட்டால் என்ன? ரூபாய் வரிசையிலேயே கடைசி இரண்டு இலக்கத்தைப் பைசா என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. கை தவறிப் போய்விடாமல் இருக்க, பனியன் கழுத்தில் தைக்கிற லேபிள்களை எடுத்து அணாப் பொத்தான்களின் மேல் பசை தடவி ஒட்டினான். கூலிகளை ஒவ்வொன்றாக அழுத்திக் கைப்பிடியை இழுத்தான். மிஷின் தகராறு பண்ணாமல் கூட்டிக் கொடுத்தது. ஓடிப்போய் முதலாளி சாமியப்பனைக் கூட்டிவந்தான்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"நாப்பத்தோராயிரமா? ஏப்பா, ஒரு வாரக் கூலியா இது?"

"இல்லீங்க, கடைசி ரெண்டும் பைசாங்க. நானூத்திப் பன்னண்டு ரூபா அம்பது பைசாதானுங்க."

"அப்பறம் ஏன் ரூபான்னு போட்டிருக்குது?"

"ரூபா இல்லீங்க. பைசான்னு நெனச்சுக்கோணுங்க."

"அணா மேல என்னமோ ஒட்டியிருக்கறயே?"

"இப்ப அது அணாவே இல்லீங்க."

சொல்லச் சொல்ல அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. முதலாளி மிஷினையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் முகத்தில் இரக்கம்தான் இருந்தது.

"ஒண்ணச் சொல்லி ஒண்ண நெனைக்கச் சொல்ற மிஷின் நமக்கு எதுக்குக் கண்ணு? அது கெடக்குது உடு. நீ இருக்கறயே. வாயிலயே கூட்டிச் சொல்லு, நான் பணத்த எடுத்து வெக்கறேன்."

வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். பனியன் மடிக்கிற சின்னாத்தாள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, நேரமாச்சுன்னா சந்தை கலஞ்சுருமுங்க" என்றாள்.

மிஷினைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு முதலாளி நோட்டுக் கட்டோடு எதிரே உட்கார்ந்தார். ஆறு வருஷமாக வேலுமணி மனதால் ஒரு கணக்கும் கூட்டியதில்லை. அது அவன் பெண்டாட்டி அமராவதிக்குக்கூடத் தெரியாது. முதல் கூலி மூன்று ரூபாய் அறுபத்திரண்டு. அடுத்தது நாலு ரூபாய் எண்பத்தேழு. அறுபத்திரண்டும் எண்பத்தேழும் என்று தொடங்கினான். அதற்குமேல் வரவில்லை.

"சொல்லு கண்ணு" என்றார் முதலாளி, விரலில் எச்சிலைத் தொட்டுக்கொண்டு.

வேலுமணியின் வலது கை வெறும் மேஜைமேல் போய், ஒன்றுமில்லாத பலகையை வேகவேகமாக அழுத்திக்கொண்டிருந்தது.