துரைக்காக நின்ற பசு

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் பால் விற்றுப் பிழைத்த வடிவம்மாளின் பசு ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் செத்தது. செத்த பிறகும் கீழே விழவில்லை. அந்த வருஷம் பினாங்கு மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டிருந்தது. நோய் கண்ட மாட்டை அரசாங்கமே வந்து சுடும், சுட்ட மாட்டுக்கு நஷ்டஈடு தரும். தானாகச் செத்த மாட்டுக்குக் குழியும் சுண்ணாம்பும்தான். சட்டத்தைத் தெருத் தெருவாகத் தமிழிலும் கூவியிருந்தார்கள். கொட்டிலில் கட்டியிருந்த பசுவும் அதைக் கேட்டிருக்க வேண்டும். மூச்சு நின்று, உடம்பு சில்லிட்டு, கண்ணில் ஈ உட்கார்ந்த பிறகும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, சுட வரும் வெள்ளைக்காரத் துரைக்காக நின்றது.

வடிவம்மாள் கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து தப்பி வந்தவள். கங்காணியின் பிரம்பு பட்ட தழும்பு முதுகில் இருந்தது. புருஷன் போன பிறகு தாலியை விற்றுப் பசுவை வாங்கி, ஹபீப் முகம்மதுவின் தேத்தண்ணிக் கடைக்குப் பால் ஊற்றி வந்தாள். நஷ்டஈடு கிடைத்தால் இன்னொரு பசு; கிடைக்காவிட்டால் மறுபடியும் அந்தத் தோட்டம். ஆகவே பசுவின் காதில், "துரை வர்ற வரைக்கும் நில்லு தாயி," என்று சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்தாள். அரசாங்கம் தன் வழக்கப்படி மெதுவாக வந்தது. அதுவரை பசு ஓட்டைக் கொட்டிலில் மழையில் நனைந்தது, வெயிலில் காய்ந்தது, நாறவில்லை.

துரைக்கு அன்று சுட வேண்டிய மாடுகள் நிறைய. எதையும் பார்க்காமல் துப்பாக்கியைத் தூக்கினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, கணக்கு எழுதக் கூட வந்த கிராணி பீட்டர் பசுவின் மூக்கில் கையை வைத்துப் பார்த்தார்.

"மூச்சு இல்லக்கா. செத்த மாட்டச் சுட்டதா எப்படி எழுதுறது? என் வேலை போயிரும் லா."

"செத்த மாடு எங்கய்யா நிக்கும்?"

பீட்டர் நல்லவர், ஞாயிறு பூசை தவறாதவர். நிஜமாகவே யோசித்தார். "நிக்கிறதப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்லக்கா," என்றார். துரை துப்பாக்கியை இறக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். குழி வெட்ட வந்தவர்களும், விழட்டும் வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

தை மாதம் வேறொரு ஆபீசிலிருந்து மாட்டு வரிக்கு ஆள் வந்தான். அவன் பசுவின் மூக்கைத் தொட்டுப் பார்க்கவில்லை. நிற்கிற மாட்டுக்கு வரி உண்டு என்றான். செத்ததற்கு நஷ்டஈடு இல்லையாம், நின்றதற்கு வரி உண்டாம். வடிவம்மாள் பால் செம்புகளை விற்றுக் கட்டினாள். மறுவருஷம் விற்க எதுவும் இல்லை. கிளம்பும்போது பசுவைத் தடவிக்கொடுத்து, "போதும், படுத்துக்க," என்றாள். அது கேட்கவில்லை. அவள் படகேறித் தோட்டத்துக்கே திரும்பிப் போனாள்.

கொட்டில் சரிந்து, அந்த வழியாக ரோடு போட்டபோது பசுவைச் சுற்றிப் போட்டார்கள். பஸ்காரர்கள் அங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதன் நிழலில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். பசு யாரையும் முட்டியதில்லை.

வடிவம்மாள் நாலைந்து வருஷம் கழித்து, தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருக்கும்போது செத்தாள். செத்த உடனே விழுந்தாள். நின்றால் ஏதாவது கிடைக்கும் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.